இரண்டாவது கார்டுக்கும் ஷிப்ட் உண்டு

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் பிரயோஜனம் உண்டா என்று அலுவலகத்தில் யாராவது என்னைக் கேட்பது உண்டு. பெங்களூரில் கட்டடப் படங்கள் வரைகிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் நான். என் பதில் தயாராகவே இருக்கிறது. செய்கிற வேலையைப் பொறுத்தது, பெரும்பாலும் வேண்டாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள், கோலார் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லைனில் குடியிருந்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்.

அவர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். அவருடைய தங்கை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுத் தருபவர். அந்தத் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, அண்ணனுடையது பொருந்தும் என்று டாக்டர்கள் சொன்னபோது, அவர் கொடுப்பார் என்று லைனில் ஒருவரும் நம்பவில்லை. அவர் கருமி இல்லை. தங்கை மேல் பாசம் இல்லாதவரும் இல்லை. எந்தப் பொருளும் கைவசம் ஒன்றே ஒன்று இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. சிக்கல் அதுதான்.

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஒருமுறை தபால் ஆபீஸில் அவரிடம் ஒரு பேனா கேட்டேன். உடனே கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"நீங்க போங்கண்ணா, சாயங்காலம் வீட்டாண்ட வந்து குடுத்துடறேன்" என்றேன்.

"பரவால்லம்மா, நீ பொறுமையா எழுது. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

வெளியே அவருக்காக நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். ஒற்றைப் பேனாவோடு அந்த ஆட்டோவில் ஏற அவருக்குத் துணிவு வரவில்லை. நான் முகவரியைப் பாதியில் கிறுக்கி முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கிளம்பினார்.

வீட்டுக்கு இரண்டு பூட்டு. கரண்ட் போனால் எடுக்க இரண்டு டார்ச். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊர் இது என்பதால் எல்லார் வாசலிலும் ஒரு டிரம் இருக்கும். அவர் வாசலில் இரண்டு இருக்கும். கூடத்துச் சுவரில் புத்தர் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதே படம், அதே சட்டம், பழைய துணியில் சுற்றிப் பரண் மேல் இன்னொன்று. கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்பதற்காக. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று சொன்னவரையும் ஸ்டாக் வைத்திருக்கிறாரே என்று நான் தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இதில் ஊர் விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எல்லாத்திலியும் ரெண்டு ரெண்டு வெச்சிகினு கீறே, பொண்டாட்டி மட்டும் ஒண்ணுக்கே வழி இல்லியே தம்பி" என்று என் அம்மா வாசலில் நின்று கேட்பாள். "ரெண்டு கெடைச்சா சொல்லுங்கக்கா" என்பார். தங்கைக்கும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனும் தங்கையுமாக அந்த லைன் வீட்டில் இருந்தார்கள்.

முகூர்த்தத்துக்கு அவர் இரண்டு கேமராவோடுதான் போவார். ஒன்று கையில், இன்னொன்று ஸ்டாண்டில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். சின்ன மண்டபங்களில் அந்த ஸ்டாண்டு பந்திக்குப் போகிறவர்கள் காலை இடறும். எதற்கு இந்த இம்சை என்று பெண் வீட்டார் கோபித்துக்கொண்டால், "தாலி ஒரு வாட்டி தான் கட்டுவாங்க. பேட்டரி பூட்ச்சி, இன்னொரு தபா கட்டுங்கன்னு மாப்பிள்ளை கிட்ட சொல்ல முடியுமா?" என்று கேட்பார். ஒரே ஒரு கல்யாணத்தில் அப்படி நிஜமாகவே பேட்டரி போய், ஸ்டாண்டு கேமரா தாலியைப் பிடித்துவிட்டது. அந்தக் கதையை அவர் சொல்லாத இடம் கிடையாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர் சொன்ன காரணம் இது. அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப்பைப் பார்த்துக்கொண்டவர்.

"கீழ ரெண்டு பம்ப் இருக்கும்மா. ஒண்ணு ஓடும், ஒண்ணு ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பைதானேன்னு சும்மா வுட்டா அது பிடிச்சிக்கும், அவசரத்துக்கு ஓடாது. அதனால எங்க நைனா ஒரு ஷிப்ட் இத்த ஓட்டுவாரு, ஒரு ஷிப்ட் அத்த ஓட்டுவாரு. ரெண்டும் நின்னுச்சுன்னா அவ்ளோதான். தண்ணி ஏறிடும்."

சுரங்கத்தை மூடினபோது இரண்டும் நின்றன. தண்ணீரும் ஏறியது. லைனில் எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம்தான். மற்றவர்கள் பென்ஷன், பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயில் என்று வேறு கவலைகளுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் அப்பாவின் ஷிப்ட் முறையை வீட்டில் தொடர்ந்து நடத்தினார். இந்த வாரம் இந்தப் பேனா எழுதினால் அடுத்த வாரம் அந்தப் பேனா. டார்ச்சும் அப்படித்தான். பரணில் இருந்த புத்தர்கூட அவ்வப்போது கூடத்துக்கு வந்து போவார்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு வருகிறேன். கல்யாண சீசன் ஒன்றில் தங்கையின் கம்ப்யூட்டர் திணறியது. வெட்டி முடித்த வீடியோவைக் கோர்த்து வெளியே தர அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சமையலே முடிந்துவிடும் என்று சொல்வார் தங்கை. அண்ணன் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய், ஏற்கெனவே உள்ளே இருந்த அதே மாடல் கார்டு இன்னொன்றை வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். கேபினெட் ஏற்கெனவே திறந்திருந்தது. ஸ்க்ரூக்கள் ஒரு தட்டில், மாற்று ஸ்க்ரூக்கள் இன்னொரு தட்டில் இருந்தன.

"வேணாம்ணா. வாங்கின கடையிலியே திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன்.

"ஏன், எடம் கீதில்ல?"

இடம் இருந்தது. பயன்தான் இல்லை. விளக்கினேன். இரண்டு கார்டில் இருக்கிற நினைவகம் கூட்டுத்தொகை ஆகாது, ஒவ்வொன்றும் தன் பங்கைத் தனியாகத்தான் வைத்துக்கொள்ளும். முன்பு கேம் ஆடுகிறவர்கள் இரண்டை இணைத்து ஆடினார்கள், இப்போது கார்டு செய்கிறவர்களே அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டார்கள். பெரிய பெரிய முப்பரிமாண வேலை, ஏ.ஐ. வேலை செய்பவர்களுக்கு இரண்டு உதவும். தங்கை வைத்திருக்கிற சாஃப்ட்வேருக்கு இரண்டைப் பிரித்து வேலை கொடுக்கவே தெரியாது. கூடுதலாகக் கிடைக்கப்போவது சூடு மட்டும்தான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "சுரங்கத்து ஷாஃப்ட்ல ஆள ஏத்தி எறக்க ரெண்டு கேஜ் ஓடும். ஒண்ணு மேல வந்தா ஒண்ணு கீழ போவும். ஒரே கேஜ கட்டிகினு எவனாச்சும் ஷாஃப்ட் ஓட்டுவானா?"

"கேஜ்ல ஆளைப் பிரிச்சி ஏத்துவாங்கண்ணா. இந்த சாஃப்ட்வேர் எல்லாரையும் ஒரே கேஜ்ல தான் ஏத்தும். இன்னொண்ணு காலியா நின்னுகினு இருக்கும்."

"நிக்கட்டும்."

போட்டுக் கொடுத்தேன். ஒரே கல்யாணத்தின் துண்டை முதலில் ஒரு கார்டிலும் பிறகு இரண்டு கார்டிலும் ஓட்டிப் பார்த்தோம். நேரத்தில் வித்தியாசமே இல்லை. அறை மட்டும் சூடானது. தங்கை நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "ண்ணா, உன் ரெண்டாவது கார்டு மொய் வெக்காம சாப்ட வந்த ஆளு."

ஸ்பேர் வேண்டுமானால் அதைக் கழற்றி டப்பாவில் வையுங்கள் என்றேன். ஒரே கேபினெட்டில் இருந்தால் கரண்ட் ஏறி இறங்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும். அதற்கும் அவர் ஒரு பதில் வைத்திருந்தார். "டப்பால இருந்தா அது உயிரோட கீதா இல்லியான்னு எப்பிடிம்மா தெரியும்?"

அன்று முதல் அந்தக் கார்டுகளுக்கும் ஷிப்ட் வந்தது. ஞாயிறுதோறும் மானிட்டர் வயரை மேல் கார்டிலிருந்து பிடுங்கிக் கீழ் கார்டில் செருகுவார். அடுத்த ஞாயிறு கீழேயிருந்து மேலே. சாஃப்ட்வேரிலும் எந்தக் கார்டு என்பதை மாற்றித் தரச் சொல்லித் தங்கையை நச்சரிப்பார். உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அதில் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. நான் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

தங்கைக்கு முதலில் கால் வீங்கியது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்தார்கள். பிறகு முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது. கோலாரில் பார்த்தபோது சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார்கள். அண்ணன் அதை எங்கள் வாசலில் வந்து சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. "ரெண்டும் நின்னுபோச்சும்மா. தண்ணி ஏறுது" என்றார். அவர் அழவில்லை. சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாவையும் எடுத்து எடுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

டயாலிசிஸ் தொடங்கியது. கோலாருக்குப் போய்விட்டு வருகிற நாளில் தங்கை துவைத்துப் போட்ட துணிபோலக் கிடப்பார். மறுநாள் எழுந்து உட்கார்ந்து யாருடைய நிச்சயதார்த்தத்தையாவது வெட்டிக்கொண்டிருப்பார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ஏதோ ஓடுவது விரலுக்குத் தெரியும். அந்தக் கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வலது கையால் மௌஸை நகர்த்துவார்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் இதிலிருந்து விடுபடலாம் என்று பேச்சு வந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே ரத்த வகை. கோலார் டாக்டர் கன்னடக்காரர். "ஒந்து சாக்கு" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். ஒன்று போதும், மனிதன் ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம் என்று. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது தைரியம் தருகிற வார்த்தை. இவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாரே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு என்னைக் கூப்பிட்டார். தங்கை உள்ளே படுத்திருந்தார்.

"அந்த ரெண்டாவது கார்ட கழட்டிடும்மா."

"ஏண்ணா, கெட்டுப்போச்சா?"

"நல்லா தான் கீது. ஒண்ணுல ஓட்டிப் பாக்கணும்."

அவர் எதைச் சோதித்துப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரை வைத்து உடம்பை முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிறவர் இல்லை, தவிர, அந்தச் சோதனையில் அவர் பாஸாகிவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். கழற்றிக் கொடுத்தேன். அதைத் துணியில் சுற்றி எடுத்து அலமாரிக்குள் வைத்தார். பிறகு சில வாரங்கள், கல்யாணம் கல்யாணமாக, அந்த ஒற்றைக் கார்டில் வேலை நடந்தது. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேபினெட்டில் காதை வைத்துக் கேட்பார். ஒன்றும் ஆகவில்லை. ஆக வாய்ப்பும் இல்லை, இரண்டாவது என்றைக்குமே சும்மாதான் இருந்தது.

அவர் சரி என்றார். லைனே வியந்தது. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குச் சோதனைகள் ஆரம்பித்தன.

ஒருநாள் மாலை நான் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஏறியபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்கேன் உறை. ஒயிட்பீல்டு தாண்டியதும் கூட்டம் குறையாத அந்தப் பெட்டியில், சத்தத்துக்கு மேல் சத்தமாக, என்னைக் கேட்டார்.

"ஒண்ணு சும்மா நின்னுகினு இருக்கும்னு சொன்னியே?"

"எதைண்ணா?"

"டாக்டர் கிட்ட எது ஸ்டாண்ட்பையோ அத்த எடுத்துக்கங்கன்னு சொன்னேன். இந்த வாரம் எது ஓடுதுன்னு கேட்டேன். அவரு சிரிக்கிறாரு. ஊசி போட்டு ஸ்கிரீன்ல காமிச்சாங்க. ரெண்டும் ஓடுதும்மா. ரெண்டும் பாதி பாதி. ஸ்டாண்ட்பையே இல்ல."

"நான் கார்டைத்தாண்ணா சொன்னேன்."

"தெரியுது."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு என் மேல் கோபமா, டாக்டர் மேல் கோபமா, இத்தனை வருஷமும் ஷிப்ட் இல்லாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்த தன் உடம்பின் மேலேயே கோபமா என்று தெரியவில்லை. பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது கேட்டார்.

"ஓடறதுல ஒண்ண எடுத்துட்டா மீதி ஒண்ணு தாங்குமா?"

"தாங்கும்னு டாக்டர் சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு. அது கொஞ்சம் பெருசாயி வேலைய இழுத்துக்குமாம். நீ சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்ணா. எனக்குக் கம்ப்யூட்டர் தான் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே கேபினெட்டைத் திறந்து, அலமாரியில் இருந்த கார்டை எடுத்துத் திரும்பவும் மாட்டிவிட்டார். தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். "அவ்ளோதான், முடிஞ்சுது. பயந்துட்டான்" என்றாள் அம்மா. குரலில் ஏளனம் இல்லை. பயப்படக் கூடாது என்று அவரிடம் சொல்ல லைனில் யாருக்கு யோக்கியதை இருந்தது?

நான் தங்கையைப் பார்க்கப் போனேன். அவர் ஸ்கிரீனில் ஒரு மணப்பெண்ணை நிறுத்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நானே வேணாம்னு சொல்லிடறேன் டீ. அண்ணன் தூங்கறதே இல்ல. ஒண்ணோட அவரால இருக்க முடியாது. கட்டாயப்படுத்தி வாங்கிகினு நான் மட்டும் நல்லா இருந்து இன்னா பண்றது?"

"நீங்க கட்டாயப்படுத்தலியேக்கா."

"என் மூஞ்சிய பாக்கறாரு இல்ல? அது போதாதா?"

அந்தக் கணம் எனக்கு அண்ணன் மேல் எரிச்சலாக வந்தது. பேனாவும் டார்ச்சும் வைத்துக்கொண்டு இரண்டு இரண்டு என்று வேடிக்கை காட்டிய ஆள், தங்கை இப்படிச் சொல்லும் அளவுக்கு விட்டுவிட்டாரே என்று. அதை நான் வெளியே காட்டவில்லை.

சொந்தத் தங்கைக்கே கொடுப்பதானாலும், கொடுப்பவரை யாரும் மிரட்டவில்லை என்று உறுதி செய்ய ஆஸ்பத்திரியில் ஒரு குழு இருவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். வீடியோவிலும் பதிவு செய்துகொள்ளும். அதற்கு நாள் குறித்துச் செய்தி வந்தது. அவர் போவாரா மாட்டாரா என்று தங்கைக்கே தெரியாது. அதற்கு முந்தின நாள் மாலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். துணைக்கு ஆள் வேண்டும் என்றார். ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். அம்மாவும் நானும் கிளம்பினோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர்கள் இருவரும் அறைக்குள் போனார்கள். அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. தங்கை மட்டும் வந்தார். அண்ணனை ஏதோ கையெழுத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"உள்ள போனதும் அண்ணன் மொதல்ல கேமராவ தான் பாத்தாரு. 'ஒண்ணு தான் வெச்சிகீறீங்களா சார்'னு கேட்டுட்டாரு. எனக்கு அப்டியே எழுந்து வந்துடலாம் போல இருந்துச்சி. ஒரு டாக்டரம்மா, அது போதும், நீங்க பேசுங்கன்னாங்க. வுடல. தன் போன எடுத்து, 'இது ஸ்டாண்ட்பையா ஓடட்டும்மா, இத்த நான் ஒரு வாட்டி தான் சொல்லுவேன்'னாரு. போன் கூடாதுன்னாங்க. சரின்னு பையில வெச்சிகினாரு."

அம்மா சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை.

"யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னாரு. இத்த குடுத்தா உங்களுக்கு இன்னா ஆவும்னு தெரியுமான்னு கேட்டாங்க. 'தெரியும். மொதல்ல ஸ்பேர்னு நெனச்சி சரின்னேன். அது தப்பு. ஸ்கேன்ல பாத்தேன், ரெண்டும் ஓடுது. ஓடறதுல ஒண்ண தான் குடுக்கறேன். அத்த நல்லா எழுதிக்கங்க'ன்னாரு. அப்புறம் ஏன் குடுக்கறீங்கன்னு கேட்டாங்க."

தங்கை நிறுத்தினார். அண்ணன் கொடுத்து வைத்திருந்த இரண்டு தண்ணீர் பாட்டிலில் ஒன்றை அம்மா நீட்டினாள். தங்கை குடிக்கலாம் என்று டாக்டர்கள் அனுமதித்த அளவு கொஞ்சம்தான். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"'வீட்ல எல்லாம் ரெண்டு கீது மேடம். தங்கச்சி மட்டும் ஒண்ணு தான்'னாரு."

அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது. அண்ணன் மேல் எனக்கிருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தார். எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாப்பாடு நேரம் ஆகிறது, கேன்டீன் எங்கே என்று கேட்டார். சட்டைப் பையில் ஒரு பேனாதான் இருந்தது. இன்னொன்றை உள்ளே மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். நான் சொல்லவில்லை. கேன்டீன் படியில் இறங்கும்போது தானாகக் கண்டுபிடித்து, வேகமாகத் திரும்பிப் போய் எடுத்து வந்தார்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. அவருடைய இடது சிறுநீரகத்தை எடுத்துத் தங்கையின் அடிவயிற்றில் வைத்தார்கள். இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பி, தங்கை மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சில மாதங்கள் ஆயின. இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நான் பெங்களூரிலேயே தங்கிவிடுவது என்று ஏற்பாடு. கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிறு, கேபினெட்டில் தூசி அடைத்திருக்கிறது என்று அவர் கூப்பிட்டார்.

திறந்தேன். இரண்டு கார்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், மறுபடி கேட்டேன்.

"இதை இப்பவாச்சும் கழட்டிடலாமாண்ணா? சும்மா தானே கீது."

"வேணாம், இருக்கட்டும். இந்த வாரம் அதோட ஷிப்ட்."

வயரைக் கீழ் கார்டில் செருகச் சொன்னார். செருகினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டார். அது அவருக்குப் புதிதாக வந்திருந்த பழக்கம்.

"இதுங்களுக்கு ஷிப்ட் கீது, ரெஸ்ட் கீது. இது மட்டும் ஒண்டியா டெய்லி ஓவர்டைம் பாக்குது" என்றார்.

தங்கை ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மௌஸை விட்டுவிட்டு வலது கையை அடிவயிற்றின் மேல் வைத்தார்.

"ஒண்டியா இல்லண்ணா. இன்னொண்ணும் இங்க வேலைல தான் கீது."

அவர் கேபினெட் மூடியை மூடிவிடச் சொல்லி, தட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்து என் கையில் கொடுத்தார்.